காப்பக நாய் வீட்டுக்குப் பழகும் காலம்

காப்பகத்திலிருந்து நாயைத் தத்தெடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களிடம் அங்குள்ளவர்கள் ஒரு கணக்குச் சொல்லி அனுப்புவார்கள்: மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம். முதல் மூன்று நாள் நாய் மிரண்டு கிடக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும். மூன்று மாதத்தில் இது நம் இடம் என்று காலை நீட்டிப் படுக்கும். இது எந்த ஆய்வகமும் அளந்து சொன்ன கணக்கல்ல. பல நாடுகளின் காப்பகங்களில் அனுபவத்தில் திரண்ட கைக்கணக்கு. அவசரப்படாதீர்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்பதால் நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதை நாள்காட்டியாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருவிதமாகத் தடுமாறுகிறார்கள். நாலாம் நாளும் கட்டிலடியை விட்டு வரவில்லையே என்று பதறித் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள் சிலர். மூன்று வாரம் ஆகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று தெருவில் சங்கிலியைக் கழற்றிவிடுகிறார்கள் வேறு சிலர்.

இது பற்றி நடந்திருக்கும் ஆய்வுகளையும் நம் ஊர் வீடுகளில் நடப்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன. எத்தனை நாளில் பழகும் என்பதை அந்த நாயின் முந்தைய வாழ்க்கைதான் தீர்மானிக்கிறது. முதல் வாரங்களில் வீட்டார் எவ்வளவு குறைவாகச் செய்கிறார்களோ அவ்வளவு நல்லது. நாயின் குணம் இன்னதென்று ஆறு மாதத்துக்கு முன்னால் முடிவு கட்டக் கூடாது.

காப்பக வாழ்க்கை நாயின் உடம்பை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹென்னெசியும் அவருடைய சகாக்களும் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன், வீட்டில் வளரும் நாய்களுக்கு இருப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. பதற்றம் கூடினால் கூடுகிற ஹார்மோன் அது. 2019-இல் லிசா கன்டரின் குழு ஐந்து அமெரிக்கக் காப்பகங்களிலிருந்து 207 நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தது. வீட்டில் கழித்த இரவுகளில் கார்டிசால் இறங்கியது, இடையறாத ஓய்வு நேரம் நீண்டது. காப்பகம் திரும்பியதும் ஹார்மோன் பழைய அளவுக்கே ஏறிவிட்டது. ஓயாத குரைப்பும் சிமெண்டுத் தரையும் மாறிக்கொண்டேயிருக்கும் முகங்களுமாக இருக்கும் இடத்தில் எந்த நாயும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. அதனால்தான் புது வீட்டுக்கு வந்த நாய்கள் பல முதல் இரண்டு நாட்கள் அடித்துப்போட்டாற்போல் தூங்குகின்றன. அது தூக்கக் கடன்; தீர்க்க விட்டுவிட வேண்டும்.

1959-இல் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் முதல், இன்று ஊருக்கு ஊர் இருக்கும் சிறு மீட்புக் குழுக்கள் வரை, நம் காப்பகங்களுக்கு வந்து சேரும் நாய்கள் ஒரே மாதிரியானவை அல்ல. குடும்பம் ஊர் மாறியதாலோ நோய் வந்ததாலோ வாசலில் விடப்பட்ட லாப்ரடாரும் பக்கும் ராட்வைலரும் உண்டு. அவற்றுக்கு லிப்ட் தெரியும், சோபா தெரியும், ஏசி தெரியும். கைவிடப்பட்டதுதான் அவற்றின் காயம். குளியலறை வரை பின்னால் வரும். நீங்கள் செருப்பை மாட்டினாலே உடல் நடுங்கும். குட்டி போடுவதற்காகவே கூண்டில் வைத்திருந்து பிறகு கழித்துவிட்ட பெண் நாய்கள் இன்னொரு வகை. புல் தரையும் மாடிப்படியும் அவற்றுக்குப் புதிது. மூன்றாவது வகைதான் எண்ணிக்கையில் அதிகம்: விபத்திலோ நோயிலோ மீட்கப்பட்ட நாட்டு நாய்கள். இவற்றுக்கு மனிதர்களைத் தெரியாது என்று நினைப்பது பெரிய தவறு. டீக்கடைக்காரர் யார், கல்லெடுப்பவர் யார் என்று தூரத்திலேயே பிரித்தறிந்துதான் இவை பிழைத்திருக்கின்றன. அவற்றுக்குத் தெரியாதது நான்கு சுவரும் மூடிய கதவும்தான்.

கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐசர்) அனிந்திதா பத்ரா நடத்தும் ஆய்வுக்குழு இந்தியத் தெருநாய்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறது. 2017-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்பத் தீனி கொடுப்பதைவிட, திரும்பத் திரும்பத் தடவிக்கொடுப்பதில்தான் தெருநாய்களுக்கு நம்பிக்கை வளர்ந்தது. 2020-இல் கையால் சுட்டிக்காட்டுவதைத் தெருநாய்கள் புரிந்துகொள்கின்றனவா என்று சோதித்தார்கள். ஏறத்தாழ பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. துணிந்து வந்தவற்றில் ஐந்தில் நான்கு, எந்தப் பயிற்சியும் இல்லாமல், கை காட்டிய பாத்திரத்தைச் சரியாகத் தேடிப் போயின. நாட்டு நாய்க்கு அறிவு போதாது என்று சொல்கிறவர்களுக்கு இது பதில். வர வேண்டியது நம்பிக்கை. அது வர நாளாகும்.

தெருவில் வளர்ந்த ஒன்றரை வயது நாய் ஒன்று இரண்டாம் மாடி ஃபிளாட்டுக்குள் முதன்முதலாக நுழைவதைக் கூர்ந்து பாருங்கள். பளபளப்பான டைல்ஸில் நகம் பிடிக்காமல் கீறும். பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விலகும். சுவரை உரசிக்கொண்டே நாலடி நடந்து நின்றுவிடும். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுவதை அண்ணாந்து பார்த்ததும் வயிறு தரையில் படும்படி ஒடுங்கும். பீரோ கண்ணாடியில் இன்னொரு நாய் நிற்கும். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் குக்கர் விசிலடிக்கும். ஒரே பாய்ச்சலில் சோபாவுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொள்ளும். லாரி ஹாரனுக்குக் காதைக்கூட அசைக்காத நாய் இது. நமக்குக் காதில் விழாமலே போய்விட்ட மிக்சி, காலிங்பெல், கழிவறை ஃபிளஷ் எல்லாமே அதற்குப் புதிய ஆபத்துகள்.

இதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு. வாசலிலிருந்து அது படுக்கும் மூலை வரை பழைய பாயோ ஜமுக்காளமோ கோணிச் சாக்கோ போட்டு ஒரு நடைபாதை அமையுங்கள். அந்த அறையின் விசிறியைச் சில நாள் மெதுவாக ஓடவிடுங்கள். குக்கர் வைக்கும் நேரத்தில் நாய் அடுப்படிக்கு எட்டத்தில் இருக்கட்டும்; ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு துண்டு வேகவைத்த கோழியை அதன் பக்கம் போடுங்கள். நாளடைவில் விசில் கேட்டால் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கும்.

மூலை என்பது இங்கே முக்கியமான விஷயம். மேல்நாட்டார் இதற்கென்று கூண்டு வாங்குகிறார்கள். முறையாகப் பழக்கினால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் வெயிலில் அதைப் பால்கனியில் வைத்துப் பூட்டினால் நாய் வெந்துபோகும். கட்டிலடியோ மாடிப்படிக்குக் கீழோ ஹாலில் ஆள் நடமாட்டமில்லாத ஓர் ஓரமோ போதும். அங்கே ஒரு பழைய போர்வை, பக்கத்தில் தண்ணீர். அந்த இடத்தில் நாய் இருக்கும்போது யாரும் கிட்டப் போகக் கூடாது, கையை நீட்டி இழுக்கக் கூடாது. இது ஒன்றுதான் சட்டம். முதல் வாரத்தில் நேர்ந்ததாக நான் கேள்விப்பட்ட கடிகளில் பெரும்பாலானவை, பயந்து கட்டிலடியில் கிடந்த நாயை "வாடா செல்லம்" என்று வெளியே இழுத்தபோது விழுந்தவை. குழந்தைகளுக்கு இதை ஒரு தடவை சொன்னால் போதாது. பெரியவர்கள் அருகில் இல்லாமல் சிறு குழந்தையையும் புது நாயையும் ஒரே அறையில் விடவே கூடாது. கைத்தடி ஊன்றும் தாத்தாவும் துடைப்பம் எடுத்து வரும் பணிப்பெண்ணும் அடிபட்ட நாய்க்கு அடிக்க வருகிறவர்களாகவே தெரிவார்கள். அவர்கள் தடியையும் துடைப்பத்தையும் வைத்துவிட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து, நாயைப் பார்க்காமல் ஒரு பிஸ்கட்டைத் தள்ளிப் போடட்டும். நாயைப் பார்க்க வருகிறோம் என்னும் உறவினர்களை அடுத்த மாதம் வரச் சொல்லலாம்.

நாய் தன் அச்சத்தை மறைப்பதில்லை. தூக்கக் கலக்கம் இல்லாதபோது வரும் கொட்டாவி, உணவு இல்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்வெள்ளை தெரியப் பார்ப்பது, கவட்டிக்குள் செருகிய வால், சட்டென்று உறைந்து நிற்பது எல்லாமே "எட்டிப் போ" என்பதன் வடிவங்கள். உறுமல் அவற்றில் கடைசி எச்சரிக்கை. உறுமியதற்காக அடித்தால் எச்சரிக்கையைத்தான் அடித்து ஒழிக்கிறோம்; அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும். தடவிக்கொடுப்பதிலும் கேட்டுச் செய்வது நல்லது. தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் மார்புப் பக்கம் சில நொடிகள் தடவிவிட்டுக் கையை எடுங்கள். மறுபடி உங்கள் மீது சாய்ந்தால் தொடருங்கள், விலகினால் விட்டுவிடுங்கள்.

காப்பகத்தில் என்ன சாப்பிட்டது என்று கேட்டுவந்து ஒரு வாரம் அதையே கொடுப்பது வயிற்றுக்கு நல்லது. நம் காப்பகங்கள் பலவற்றில் சோறும் வேகவைத்த இறைச்சியும்தான் உணவு. புது உணவை ஏழு முதல் பத்து நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம். வந்த அன்றே விலையுயர்ந்த தீவனத்தைக் கொட்டி, அடுத்த நாள் வயிற்றுப்போக்கு என்று ஓடுகிறவர்கள் நிறைய. வெங்காயம், பூண்டு, சாக்லேட், வேகவைத்த எலும்பு ஆகியவை கூடாது என்பது ஓரளவு தெரிந்த செய்தி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை என்பது பலருக்குத் தெரியாது; பாயாசத்திலும் கேசரியிலும் மிஞ்சியதை வைக்காதீர்கள். தின்னும்போது தட்டில் கைவைத்துச் சோதிப்பது ஒரு கெட்ட வழக்கம். பட்டினி கிடந்த நாய் அதைக் கொள்ளை என்றே எடுத்துக்கொள்ளும். அதன் வாயிலிருந்து எதையாவது வாங்க வேண்டுமென்றால் அதைவிட நல்லதாக ஒன்றைக் கொடுத்து வாங்குங்கள்.

மலஜலம் பெரிய சிக்கல் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது சீக்கிரமே சரியாகிவிடும். மண்ணில் போய்ப் பழகிய நாயை மண்ணுக்குக் கூட்டிப்போங்கள். சிமெண்டில் பழகியதற்கு முதலில் மொட்டைமாடியின் ஓரம் போதும். எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் அழைத்துப்போய், போன உடனே அந்த இடத்திலேயே பாராட்டுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதால் நாய் கற்பது ஒன்றுதான்: இவர்கள் கண்ணில் படாமல் போக வேண்டும்.

உடல்நலத்தில் மட்டும் காத்திருக்கலாகாது. முதல் ஓரிரு நாட்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சென்னைக்காரர்களுக்கு 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் தொற்றிய பிறகு சில நாட்கள் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும். காப்பகத்தில் துள்ளிய குட்டி வீட்டுக்கு வந்த பின் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுவது இதனால்தான். தூங்குகிறது என்று விட்டுவிடாமல், வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் கண்டால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். ஏற்கனவே வீட்டில் நாய் இருந்தால் அதற்குத் தடுப்பூசிகள் முடிந்திருக்கின்றனவா என்று முன்னாலேயே பாருங்கள். இரண்டையும் முதலில் வீட்டுக்குள் சந்திக்கவிடாமல், வெளியே இடைவெளிவிட்டு இணையாக நடத்திக்கொண்டுபோய் அறிமுகப்படுத்துவது நல்லது. உண்ணிக் காய்ச்சல் நம் தட்பவெப்பத்தில் ஆண்டு முழுவதும் உண்டு. காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் ஆகியவை அதன் அடையாளங்கள். வெறிநோய் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதத்தில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் தவணைப்படி தொடர வேண்டும். நாய் எவ்வளவு செல்லமானாலும் பல் பட்டு ரத்தம் வந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இதில் கூச்சமோ கணக்கோ வேண்டாம்.

முதல் மாதத்தின் பெரிய ஆபத்து, நாய் தொலைந்துபோவது. அதற்கு உங்கள் முகவரி தெரியாது, நீங்கள் வைத்த பெயரும் இன்னும் பழகவில்லை. காஸ் சிலிண்டர்காரருக்குத் திறந்த கதவிடுக்கு ஒன்று போதும். வாசல் கிரில்லைச் சாத்திய பிறகே கதவைத் திறப்பது என்பதை வீட்டிலுள்ள எல்லாரும் பழக வேண்டும். கழுத்துப்பட்டையைப் பின்வாங்கியே உருவிக்கொள்ளத் தெரிந்த நாய்கள் ஏராளம். உடலைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் கயிறு என்று முதல் வாரங்களை ஓட்டுங்கள். கழுத்தில் கைப்பேசி எண் பொறித்த தகடு தொங்கட்டும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் நாயைத் தத்தெடுக்கவே வேண்டாம். முதல் சரவெடியிலேயே ஓடிப்போய் எங்கே போவதென்று தெரியாமல் அலையும் நாய்களைப் பற்றிய அறிவிப்புகளை ஆண்டுதோறும் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

மேல்நாட்டுப் புத்தகங்களில் இல்லாத ஒரு பிரச்சினை நமக்கு உண்டு. நம் தெருவுக்கு ஏற்கனவே சொந்தக்கார நாய்கள் இருக்கின்றன. புது நாய் அவற்றின் கண்ணில் அத்துமீறி நுழைந்த ஆள். ஆகவே முதல் ஒன்றிரண்டு வாரம் மொட்டைமாடியிலும் காம்பவுண்டுக்குள்ளும் நடத்தினால் போதும். வாக்கிங் போயே தீர வேண்டும் என்ற கட்டாயம் பல நாய்களுக்கு முதல் வாரத்தில் இல்லை. பிறகு தெருநாய்களுக்குச் சாப்பாடு வைக்கிறவரைத் தெரிந்துகொண்டு, எந்த நாய் எங்கே படுக்கும் என்று கேட்டு, அந்த இடத்தைத் தவிர்த்துக் கொஞ்ச தூரம் மட்டும் நடந்து திரும்புங்கள். கோடையில் தார்ச்சாலையில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது.

ஒரு வாரம் விடுப்பெடுத்து நாயோடு இருப்பது நல்லது. ஆனால் அந்த வாரம் முழுக்கப் பிரியாமலே இருந்துவிட்டு எட்டாம் நாள் காலை ஒன்பது மணி நேரம் பூட்டிவிட்டுப் போவது கொடுமை. இரண்டாம் நாளிலிருந்தே ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், கால்மணி நேரம் என்று வெளியே போய்த் திரும்ப வேண்டும். போகும்போது விடைபெறும் கொஞ்சல் வேண்டாம். சாவியை எடுப்பதும் திரும்பி வருவதும் சாதாரண நிகழ்ச்சிகள் என்று அதற்குப் படட்டும். கதவைப் பிறாண்டி நகம் கிழிந்து ரத்தம் வரும் அளவுக்குப் பதறும் நாய்க்கு இது மட்டும் போதாது. மருத்துவரின் உதவியும் சில சமயம் மருந்தும் தேவைப்படும்.

இனி, பலரை ஏமாற்றும் கட்டம். "முதல் மாதம் எவ்வளவு சாதுவாக இருந்தது, இப்போது வருகிறவர் போகிறவரையெல்லாம் குரைக்கிறது" என்ற புலம்பலை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காப்பகத்திலிருந்து வீடு சென்ற 99 நாய்களை 7, 30, 90, 180 ஆகிய நாட்களில் மதிப்பிட்டு 2023-இல் வெளியிட்ட முடிவுகள் இந்தப் புலம்பலுக்கு விளக்கம் தருகின்றன. நாள் ஆக ஆக, பிரிவுத்துயரும் ஒட்டிக்கொண்டே திரிவதும் குறைந்தன. அதே சமயம் அந்நியர்மீது சீறுவதும் துள்ளலும் கற்பிக்கச் சிரமமும் கூடின. அப்படியிருந்தும் ஆறு மாத முடிவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வீட்டார் தங்கள் நாயின் நடத்தை நன்று அல்லது மிக நன்று என்றே சொன்னார்கள். அதாவது முதல் வாரத்துச் சாதுத்தனத்தில் பாதி அச்சம். அச்சம் விலகும்போது உள்ளிருக்கும் நாய் வெளிவருகிறது. அதைக் கெட்டுப்போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறவர்கள்தான் இரண்டாம் மாதத்தில் கைவிடுகிறார்கள்.

அந்தக் கட்டத்தில்தான் "நீதான் தலைவன் என்று காட்டு" என்ற அறிவுரையும் வந்து சேரும். அதன் வேர், ருடால்ஃப் ஷென்கல் 1947-இல் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வு. 1970-இல் அந்தத் தலைவன் கருத்தைத் தன் நூலின் மூலம் பரப்பிய டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பமே என்று 1999-இல் அவரே எழுதித் திருத்திவிட்டார். அடித்துப் பழக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் விடை உண்டு. 2020-இல் போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்தபோது, தண்டனை கலந்து பயிற்றுவித்த பள்ளிகளின் நாய்கள், தீனியும் பாராட்டும் கொண்டு பயின்றவற்றைவிடப் பதற்றம் மிகுந்து காணப்பட்டன. வந்தவரைக் கண்டு குரைக்கும் நாயை உதைப்பதால் வருகிறவர் இன்னும் பயங்கரமானவர் என்றுதான் அதற்கு உறுதியாகும். எட்டத்தில் நிறுத்தி, பார்த்ததும் ஒரு துண்டு தீனி. குரைக்கும் தூரத்துக்கு முன்பே திரும்பிவிடுவது. மெதுவான வழிதான். ஆனால் நிலைக்கிற வழி.

அக்கம்பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுக்குமாடிச் சங்கங்கள் நாய் வளர்ப்பையே தடை செய்யவோ லிப்ட்டை மறுக்கவோ முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டிவிட்டது. பெருநகர சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் தடுப்பூசிச் சான்றும் கட்டாயம். உரிமை பேசுவதற்கு முன்னால் உரிமத்தை வாங்குங்கள், நாயின் கழிவை அள்ளுங்கள். பக்கத்து வீட்டாரின் நல்லெண்ணம் நாய்க்குப் பெரிய காவல்.

எல்லாம் செய்தும் பொருந்தாமல் போவது உண்டு. குழந்தையை இரண்டாம் முறை கடித்துவிட்டால், அல்லது வீட்டில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் கண்டால், காப்பகத்திடம் திரும்பக் கொண்டுபோய் உள்ளதைச் சொல்லி ஒப்படைப்பதில் பாவமில்லை. வேறு பேட்டையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதுதான் பாவம். 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் வழக்கில் அளித்த உத்தரவு, விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்க இடம் தந்தது. அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றும் அதிலேயே சொல்லிவிட்டது.

தத்தெடுக்கும் எண்ணத்தோடு காப்பகத்துக்குப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. எல்லாருடைய கண்ணும் முதலில் குட்டிகளின் மேல்தான் விழுகிறது. வயது வந்த நாட்டு நாய்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றன. வளர்ந்த நாயின் உருவமும் குணமும் ஓரளவு தெரிந்தவை. பெரும்பாலும் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்திருக்கும். இரவெல்லாம் விழித்துக் கத்தும் குட்டிப் பருவமும் தாண்டியிருக்கும். குட்டியைத் தூக்குவதற்கு முன், நீண்ட நாளாக யாரும் கேட்காத நாய் எது என்று அங்குள்ளவர்களிடம் விசாரியுங்கள். அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிடித்திருந்தால் இன்னும் ஓரிரு முறை போய் வந்து, பிறகு அழைத்து வாருங்கள்.